பொறுப்புக் கிழமையில் வந்த மாப்பிள்ளை

என் தம்பியின் மகள் மன்னார் ஆஸ்பத்திரியில் தாதி. அவளுடைய மூன்றாவது சம்பந்தம் ஒரு பார்சல் தொதலில் தொடங்கியது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று வார்ட்டில் கிடந்த பேசாலை அம்மா ஒருவர் தலையணைக்குக் கீழே தொதல் இனிப்பை ஒளித்து வைத்திருந்தார். இவள் அதைக் கண்டுபிடித்து, எல்லாக் கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி ஏசிவிட்டாள். அந்த அம்மா வீட்டுக்குப் போன கையோடு ஆள் விட்டுக் கேட்டார்: "என்னை ஏசின அந்தப் பிள்ளையை என்ர மகனுக்குச் செய்து தருவினமோ?"

தம்பி உயிரோடு இல்லை. அவளுக்குப் பெரியப்பனும் தகப்பனும் நான்தான். எனக்கு இயல்பிலேயே எதற்கும் பயம். மழை பெய்தால் கூரை, பெய்யாவிட்டால் கிணறு. கல்யாண விஷயத்தில் கேட்கவே வேண்டாம். முதலாவது சம்பந்தக்காரர் வேலையை விடச் சொன்னார்கள். இவள் சம்பந்தத்தை விட்டாள். இரண்டாவது பையன் கொழும்பில் நல்ல வேலையென்று சொன்னான். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கிறது ஒன்றுதான் பாக்கி. அப்போதுதான் தெரிய வந்தது, வேலை போய் மாதக் கணக்காகிவிட்டது என்றும், பையன் ஒவ்வொரு காலையும் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டு எங்கோ இருந்துவிட்டு வருகிறான் என்றும்.

"வேலை போனது பரவாயில்லை, பெரியப்பா," என்றாள் மகள் அன்றைக்கு. "ஒவ்வொரு நாளும் அந்தப் பையை அடுக்கினவரெல்லே, அதுதான்." பிறகு ஒன்று சொன்னாள். "இன்னும் ஒருக்காப் பார்ப்பம். அதுவும் பிழைச்சால் என்னை விட்டிடுங்கோ. நான் இப்பிடியே இருந்திடுவன். பிறகு நீங்கள் ஒருத்தரும் கேட்கக் கூடாது."

அவள் சொன்னால் சொன்னதுதான். ஆகவே இந்தப் பேசாலைச் சம்பந்தம் கடைசி.

பையன் மென்பொருள் பொறியியலாளராம். வீட்டில் இருந்தே வெளிநாட்டுக் கொம்பனிக்கு வேலையாம். நான் மீன் சந்தையில் பேசாலைக்காரர் நாலு பேரிடம் விசாரித்தேன். மூன்று பேர், "அவனோ, வீட்டில சும்மாதான் இருக்கிறான்," என்றார்கள். நாலாவது ஆள், "சும்மா எண்டு சொல்லக் கூடாது, கடற்கரையில நடக்கிறவன்," என்றார்.

இதைக் கேட்டதும் தம்பியின் மனைவிக்கு முகம் வெளிறிவிட்டது. "அண்ணை, இதுவும் பை தூக்கிற கேஸோ?"

"இவன் பையும் தூக்கிறதில்லைப் போல, தங்கச்சி," என்றேன். "நான் நேரிலை போய்க் கேட்கிறன்."

நான் முப்பத்தொரு வருடம் அரசாங்கக் களஞ்சியமொன்றில் பொறுப்பாக இருந்தவன். ஆட்களை வேலைக்கு எடுக்கும்போது இரண்டு தடவை நேர்முகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கேள்வி கேட்கத் தெரியும். கலண்டர் தாளொன்றின் பின்பக்கத்தில் இருபது கேள்வி எழுதிக்கொண்டு பேசாலை பஸ்ஸில் ஏறினேன்.

பையனுக்கு முப்பத்திரண்டு வயது. ஒல்லி. சாரம் கட்டியபடி வந்து கதவைத் திறந்தான். தாய் கோயிலுக்குப் போயிருந்தார். அவன் என்னைத் தன் அறைக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போனான். கட்டிலை விட மேசை பெரிது. மேசையில் இரண்டு திரைகள், அவற்றுக்குப் பின்னால் பதினொரு வயர்கள். கரண்ட் போனால் தாங்குவதற்கு மூன்று பெட்டரிகள். சுவரில் ஒரு திருக்குடும்பப் படம், அதன் ஆணியிலும் ஒரு வயர் தொங்கியது. அதைச் சேர்த்தால் பன்னிரண்டு.

"தம்பி, முதல் கேள்வி. உம்மட கந்தோர், வேலை செய்யிற இடம், எங்கை?"

"இதுதான் அங்கிள்." மேசையைக் காட்டினான்.

"மேலதிகாரி?"

"போலந்தில இருக்கிறா."

"நீர் ஆளைக் கண்டிருக்கிறீரோ?"

"ஒவ்வொரு நாளும் காணுறனான். ஆனா கழுத்துக்கு மேலைதான்."

என்ன சாமான் செய்கிறார்கள் என்று கேட்டேன். நோர்வே நாட்டில் தீவு தீவாக இருக்கிறதாம். ஒரு தீவிலிருந்து மற்றதுக்குக் கார், லொறியெல்லாம் கப்பலில் ஏற்றிப் போகிறார்களாம். சனங்கள் போனிலேயே தங்கள் வாகனத்துக்கு இடம் பிடிப்பார்கள். எந்தக் கப்பலில் எத்தனை வாகனத்துக்கு இடம் இருக்கிறது என்று கணக்குப் பார்த்துச் சொல்கிற மென்பொருள் இவர்களுடையது.

எனக்கு உயிர் வந்தது. கணக்கு! களஞ்சியத்தில் நான் செய்ததும் அதுதானே. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம். இந்தப் பிள்ளை நம்முடைய ஆள் என்று நினைத்துக்கொண்டு ஆறாவது கேள்விக்குப் போனேன்.

"இண்டைக்குக் காலமை தொடக்கம் என்ன வேலை செய்தீர்?"

"புரோகிராமில நானூறு வரி அழிச்சனான், அங்கிள்."

"ஆர் எழுதின வரி?"

"நான்தான். போன மாதம் எழுதினது."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். "அப்ப போன மாதம் முழுக்கச் செய்த வேலையை இண்டைக்கு இல்லாமல் செய்து போட்டீர்."

"ஓம். இப்ப நல்லா இருக்கு." அவன் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"சரி. ஒரு நாளைக்கு எத்தினை வரி எழுதுவீர்? சராசரி சொன்னால் போதும்."

"அப்பிடிச் சொல்லேலாது. சில நாள் நூறு. சில நாள் ஒரே ஒரு வரி. சில நாள் ஒண்டும் இல்லை."

"ஒண்டும் இல்லாத நாளில என்ன செய்வீர்?"

"யோசிப்பன்."

"இதில இருந்தோ?"

"இதில இருந்தால் யோசனை வராது. கடற்கரைக்குப் போவன். கரைவலை இழுக்கிறவை, 'டேய் தம்பி, சும்மாதானே நிக்கிறாய், ஒரு கை பிடி' எண்டு கூப்பிடுவினம். கயிறு பிடிச்சால் நல்லா யோசனை வரும் அங்கிள். போன கிழமை ஒரு பெரிய சிக்கல், மூண்டு நாளாப் பிடிபடேல்லை. வலை கரைக்கு வரக்குள்ள எனக்கும் வந்திட்டுது. அவையள் ஒரு கிலோ சூடை மீனும் தந்தவை."

தாளில் 'வேலை நேரத்தில் மீன்' என்று எழுதிவிட்டு, அது பார்வைக்கு நன்றாக இல்லையென்று கோடு போட்டு வெட்டினேன்.

பிறகு தினமும் பின்னேரம் நடக்கும் கூட்டத்தைப் பற்றிச் சொன்னான். ஏழு பேர், ஐந்து நாடு. ஒவ்வொருவரும் நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எதில் சிக்கி நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

"சிக்கி நிக்கிறன் எண்டு மேலதிகாரியிட்டையே சொல்லுறதோ?"

"சொல்லாட்டித்தான் அவ ஏசுவா."

"விளங்கேல்லை எண்டால்?"

"விளங்கேல்லை எண்டு சொல்லுவன்."

நான் முப்பத்தொரு வருடத்தில் மேலதிகாரியிடம் 'விளங்கவில்லை' என்று சொன்னதில்லை. 'பார்த்துச் சொல்லுறன் சேர்' என்றுதான் சொல்ல வேண்டும். அது வேலை. இவனோ என் இருபது கேள்விகளுக்குள் ஒன்பது தடவை 'தெரியாது' என்று சொன்னான். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். இந்தக் கொம்பனி எத்தனை வருடம் நிலைக்கும்? தெரியாது. பென்ஷன் உண்டோ? இல்லை. பத்து வருடத்தில் என்னவாக இருப்பீர்? தெரியாது. அதையும் முகம் கோணாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னான்.

அவன் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் இன்னொருவர் வாசித்து ஓம் என்று சொன்னால்தான் அது உள்ளே போகுமாம். "அப்ப உம்மில நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டேன்.

"எனக்கே என்னில நம்பிக்கை இல்லை அங்கிள். அதாலதான் நல்லாப் போகுது."

கடைசியாக ஒன்று சொன்னான். ஐந்து வாரத்துக்கு ஒரு தடவை 'பொறுப்புக் கிழமை' வரும். அந்தக் கிழமை முழுவதும் எங்கே போனாலும் போனும் கணினியும் கூடவே போகும். கப்பல் கணக்கில் ஏதும் பிழைத்தால் போன் அலறும். அந்த நிமிடமே பார்க்க வேண்டும். குளித்துக்கொண்டு இருந்தாலும், பூசையில் இருந்தாலும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது தாளைப் பார்த்தேன். இருபது பதில்களில் ஒரு தகப்பன் வெளியே சொல்லக்கூடியது மூன்று.

தம்பி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் உள்ளபடியே சொன்னேன். மகள் டியூட்டி முடிந்து வந்து, கால்களை இன்னொரு கதிரையில் நீட்டியபடி சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நானூறு வரியை அழிச்சவனாமோ?" என்றாள் தாய். "எழுதினவன் எண்டால் ஒரு மாதிரி. அழிக்கிறதுக்கும் ஆரும் ஆள் வைப்பினமோ?"

"மூண்டு நாளா ஒண்டும் செய்யேல்லை எண்டும் தானாத்தான் சொன்னவரோ?" என்று கேட்டாள் மகள்.

"நான் கேட்டதுக்குச் சொன்னவன்."

"ம்." இன்னும் கொஞ்சம் சொதி விட்டுக்கொண்டாள். "வரச் சொல்லுங்கோ. பார்ப்பம்."

பெண் பார்க்கிற நாளை இரண்டு தாய்மாரும் போனிலேயே பேசி முடிவு செய்தார்கள். ஒரு ஞாயிறு பின்னேரம். பையனிடம் யாரும் கேட்கவில்லை.

அன்றைக்குத் தம்பி வீட்டில் ஆறு கதிரைகள் போட்டேன். எங்கள் பக்கம் தாய், மகள், நான், என் மனைவி. அவர்கள் பக்கம் தாயும் மகனும். என் மனைவிக்கு எதற்கும் முன்கூட்டியே சந்தோஷம்தான். விடியத் தொடக்கம் பற்றீஸ் பொரித்தாள். முப்பத்தாறு. ஆளுக்கு ஆறு என்று நான் சொன்னேன், பேசாமல் இருங்கோ என்றாள்.

பையன் நீளக் காற்சட்டையும் சேர்ட்டும் போட்டு வந்தான். தோளில் ஒரு பை.

தம்பியின் மனைவி அந்தப் பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கொம்பியூட்டர், தங்கச்சி," என்று மெதுவாகச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது, கணினி ஏன் கூடவே வந்தது என்று. இது பொறுப்புக் கிழமை!

தேத்தண்ணி வந்தது. வெயிலைப் பற்றி, பேசாலைத் தண்ணீரைப் பற்றிப் பேசினோம். பையனின் தாய், "பிள்ளை, நான் இப்ப தொதல் தொடுறதே இல்லை," என்று மகளிடம் சத்தியம் செய்தார். "கேக்?" என்றாள் இவள். அந்த அம்மா கையிலிருந்த கேக் துண்டைத் தட்டில் வைத்துவிட்டார். எல்லாரும் சிரித்தோம். பையனும் சிரித்தான். நல்லாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது போன் அலறியது. அது ரெலிபோன் மணியே இல்லை. தீயணைக்கும் வண்டி வீட்டுக்குள் வந்தது போல. என் மனைவி நெஞ்சில் சிலுவை போட்டாள்.

பையன் எழும்பிவிட்டான். "மன்னிச்சுக் கொள்ளுங்கோ. ஒரு மேசை வேணும்."

தையல் மெசினை மூடியிருந்த துணியை மகள்தான் இழுத்து எறிந்தாள். அவன் கணினியைத் திறந்தான். போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஜன்னலடிக்குப் போனான், வந்தான். வீட்டுக்குள் அவனுடைய சிக்னல் எடுபடவில்லை.

"என்ரையில எடுக்கும்," என்று மகள் தன் போனை நீட்டினாள். "பாஸ்வேர்ட் நான் அடிக்கிறன்."

அவள் குனிந்து கணினியில் அடிக்கத் தொடங்கியதும் பையன் சட்டென்று முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் "சரி" என்று சொல்லும்வரை திரும்பவில்லை. தம்பியின் மனைவி என் காதுக்குள், "நல்ல கூச்சமான பிள்ளை, அண்ணை," என்றாள். பிறகுதான் நான் கேட்டு அறிந்தேன்: ஒருவர் பாஸ்வேர்ட் அடிக்கும்போது மற்றவர் வேறு பக்கம் பார்ப்பது அவர்கள் தொழிலில் ஒரு மரியாதை. மேலதிகாரி அடித்தாலும் அப்படித்தானாம்.

நாங்கள் ஐந்து பேரும் அவனுக்குப் பின்னால் நின்றோம். ஒரு மனிதன் இந்த வேலை செய்வதை நான் முதன்முதலாகப் பார்க்கிறேன். எதிர்பார்த்ததுபோல ஒன்றும் நடக்கவில்லை. அவன் பார்த்தான். கீழே உருட்டினான், பார்த்தான். மேலே உருட்டினான், பார்த்தான். தம்பியின் மனைவி மின்விசிறியைத் தூக்கி வந்து கணினிக்கு நேரே திருப்பிப் பிடித்துக்கொண்டாள். "சூடு பிடிச்சிட்டுதாக்கும்," என்றாள். பற்றீஸ் தட்டோடு நின்ற என் மனைவி, "தம்பி, ஒண்டை வாயில போட்டுக்கொண்டு யோசியுங்கோ," என்றாள். அவனுக்குக் கேட்கவில்லை.

பிறகு காதில் எதையோ செருகிக்கொண்டு யாருடனோ ஆங்கிலத்தில் பேசினான். எனக்கு ஆங்கிலம் விளங்கும். விளங்காமல் இருந்திருக்கலாம். "இது என்னுடைய பிழை என்று நினைக்கிறேன்," என்றான். "வெள்ளிக்கிழமை நான் போட்ட மாற்றம். அதைத் திருப்பி எடுக்கப் போகிறேன். நீங்களும் பாருங்கள்."

ஒரு வரி அடித்தான். காத்திருந்தான். திரையில் சிவப்பாக இருந்தவை ஒவ்வொன்றாகப் பச்சையாகின. கதிரையில் சாய்ந்தான்.

"முடிஞ்சுதோ?" என்றாள் தம்பியின் மனைவி, மின்விசிறியை இன்னும் பிடித்தபடி.

"முடிஞ்சுது அன்ரி."

"என்ன தம்பி நடந்தது?"

பையனின் தாய் முந்திக்கொண்டார். "அங்கத்தை ஆக்கள் ஏதோ பிழை விட்டிட்டினம். என்ர பிள்ளைதான் எப்பவும் திருத்திக் குடுக்கிறது. இவன் இல்லாட்டி அங்கை கப்பல் ஓடாது."

"இல்லையம்மா," என்றான் பையன். "பிழை விட்டது நான்."

அந்த அம்மா அவன் முழங்கையில் கிள்ளியதை நான் என் கண்ணால் கண்டேன். அவன் கையை எடுத்துக்கொண்டு தொடர்ந்து சொன்னான்.

"ஆராவது தங்கட பயணத்தை நிப்பாட்டினால் அந்த இடம் திரும்பக் கணக்கில சேர வேணும். வெள்ளிக்கிழமை நான் செய்த மாற்றத்தால சேராமல் விட்டிட்டுது. கப்பல் வெறுமையாய் நிக்குது, கொம்பியூட்டர் நிரம்பிட்டுது எண்டு சொல்லுது. சனம் காரோட கரையில நிக்குது."

களஞ்சியத்துக்குத் திரும்பி வந்த சாமானைப் பதியாமல் விட்ட மாதிரி. எனக்கு உடனே விளங்கியது. விளங்கி என்ன பயன்? பெண் பார்க்க வந்த வீட்டில், எங்கள் தையல் மெசினடியில் இருந்துகொண்டு, மாப்பிள்ளை தன் பிழைக்குத் தானே சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறான். கடைசிச் சம்பந்தம் எங்கள் கண் முன்னால் போகிறது. எப்படியாவது பிடித்து நிறுத்த வேண்டும் என்று தோன்றியது.

"தம்பி," என்றேன், "இன்னொராள் வாசிச்சு ஓம் எண்டு சொன்னால்தான் எதுவும் உள்ளுக்குப் போகும் எண்டு எனக்குச் சொன்னனீரெல்லே? அப்ப அந்த ஆளும்தானே காணாமல் விட்டது? உண்மையில பிழை அந்த ஆளின்ரதானே?"

இதைவிட நல்ல வாசல் ஒருவனுக்குத் திறந்துவிட முடியாது. தாய் என்னை நன்றியோடு பார்த்தார்.

"அவவும் பார்த்தவதான், அங்கிள். ஆனா எழுதினது நான். அதோட அது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில நாங்கள் ஒண்டையும் மாத்துறதில்லை, சனி ஞாயிறு பிழைச்சால் பார்க்க ஆள் குறைவு எண்டு. அவ கேட்டவ, திங்கள் போடுவமோ எண்டு. நான்தான் இல்லை, இப்பவே போடுவம் எண்டனான்."

கதை அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். தம்பியின் மனைவி மின்விசிறியைக் கீழே வைத்தாள்.

அப்போது மகள், கையைக் கட்டிக்கொண்டு, வார்ட்டில் கேட்கிற குரலில் கேட்டாள்.

"எத்தினை வாகனம் காவல் நிண்டது?"

"நாற்பதளவில."

"அதுக்குள்ள அம்புலன்ஸ் இருந்ததோ?"

பையன் முதல் தடவையாக அவளை நேரே பார்த்தான். "நானும் அதைத்தான் முதல் பார்த்தனான். இல்லை. இருந்தாலும் அதுக்கு வேறை வழி இருக்கு, கணக்குப் பார்க்காமல் ஏத்துவினம். எண்டாலும் பார்த்தனான்."

"இப்ப உங்களுக்கு ஏச்சு விழுமோ?"

"இல்லை. எழுதிக் குடுக்க வேணும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி நடவாமல் இருக்க என்ன செய்யிறது. அதில ஆரின்ர பேரும் போடுறதில்லை."

"பேர் போடாட்டி ஆர் செய்தது எண்டு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் எல்லாருக்கும் சொல்லிப் போட்டனே."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், ஏலவில்லை. முகத்தை மறு பக்கம் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அன்ரி, இப்ப ஒரு பற்றீஸ் எடுக்கலாமோ?" எட்டு சாப்பிட்டான்.

அவர்கள் ஓட்டோவில் ஏறிப் போன பிறகு வீட்டில் ஒரே வாக்குவாதம். "நல்ல பிள்ளைதான், ஆனா வாயில பூட்டு இல்லை," என்றாள் தம்பியின் மனைவி. "இண்டைக்குக் கப்பல். நாளைக்கு எங்கட வீட்டுக் கதையையும் இப்பிடித்தானே ஊருக்குச் சொல்லுவான்?" என் மனைவி, "எட்டுச் சாப்பிட்டவன், பாவம், கெட்டவனாய் இருக்கேலாது," என்றாள். என்னிடம் கேட்டார்கள். நான் அறிந்த கந்தோர்களில் பிழை எப்போதும் அந்த நேரத்தில் அங்கே இல்லாத ஆளுடையது. அங்கே இருந்துகொண்டே என்னுடையது என்று சொன்னவனை எந்தத் தட்டில் வைத்து நிறுப்பது? அதிலும், மகள் சிரித்தது சம்மதத்துக்கோ, பகிடிக்கோ? அவளோ ஒன்றும் சொல்லாமல் வெள்ளைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இரவு டியூட்டிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவள் வந்து சேருமுன்னரே நான் தம்பி வீட்டு வாசலில். சைக்கிளை நிறுத்துகிறேன், பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து அவள் நடந்து வருகிறாள். நித்திரை இல்லாத முகம். ஆனால் வாய்க்குள் ஏதோ வைத்திருப்பது போல ஒரு சிரிப்பு.

"என்ன பெரியப்பா, விடியவே காவலோ?"

"பிள்ளை, ஒண்டைச் சொல்லிப் போடு. எனக்கு ராத்திரி நித்திரை இல்லை."

"எனக்கும்தான். எனக்கு அதுக்குச் சம்பளம் தருகினம்." போனை எடுத்து நீட்டினாள். "வாசியுங்கோ. போகக்குள்ள நான் கேட்டனான், நீங்கள் கொம்பனிக்கு எழுதுறதில எனக்கும் ஒரு கொப்பி வேணும் எண்டு. அது குடுக்கக் கூடாதாம். அதுக்குப் பதிலா இதை எழுதி அனுப்பியிருக்கிறார்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். நல்ல எழுத்துத் தமிழ்.

'நடந்தது: ஞாயிறு பின்னேரம், பேச வந்த மாப்பிள்ளை பேசவில்லை. பாதிக்கப்பட்டோர்: இரண்டு அம்மாமார், பெரியப்பா, பெரியம்மா. ஆறிப்போன தேநீர் ஏழு. காரணம் ஒன்று: அது பொறுப்புக் கிழமை. நாள் வைத்தபோது அதைச் சொல்லியிருக்கலாம்; நாள் தள்ளிப்போய்விடும் என்ற பயத்தில் சொல்லவில்லை. காரணம் இரண்டு: வெள்ளிக்கிழமை எதையும் மாற்றுவதில்லை என்ற வழக்கத்தை மீறியது. ஞாயிற்றுக்கிழமைக்குத் தலையில் வேறு ஒன்றும் இருக்கக் கூடாது என்று அவசரப்பட்டது. நன்றாக நடந்தவை: சிக்னல் உடனே கிடைத்தது. கேட்கப்பட்ட கேள்விகள் சரியான கேள்விகள். இனிச் செய்யவேண்டியது: பொறுப்பு இல்லாத கிழமையில், கணினி இல்லாமல், இன்னொரு தடவை வர அனுமதி கேட்பது.'

"தேத்தண்ணி ஏழு இல்லை," என்றேன். "ஆறுதான். நான் எண்ணினனான்."

"பெரியப்பா!"

"சரி, சரி. நீ என்ன பதில் போட்டனீ?"

"பாதிக்கப்பட்டோரில என்னைக் காணேல்லை, திருத்தி அனுப்புங்கோ எண்டு போட்டனான்."

"அதுக்கு?"

"'நீங்கள் பாதிக்கப்பட்ட மாதிரித் தெரியேல்லை, சிரிச்சதைக் கண்டனான்' எண்டு வந்துது." போனை வாங்கிப் பைக்குள் போட்டாள். "வாற வியாழக்கிழமை எனக்கு லீவு. வரச் சொல்லிப் போட்டன். அவற்ற பொறுப்புக் கிழமையும் இண்டையோட முடியுதாம்."

"வரச் சொன்னது, அப்ப, அந்த மாதிரியோ?" சம்மதமோ என்று நேரே கேட்க எனக்குப் பயம்.

"அந்த மாதிரித்தான். நீங்கள் அம்மாவுக்குச் சொல்லுங்கோ. நான் சொன்னால் அவ அழுவா, நான் பிறகு நித்திரை கொள்ளேலாது."

தாய் ஏற்கெனவே ஜன்னலுக்குப் பின்னால்தான் நின்றாள். அழுது முடித்தும் விட்டாள். "வாயில பூட்டு இல்லாதவன் எண்டனான்," என்றாள், முகத்தைத் துடைத்தபடி. "இருக்கட்டும். பூட்டுப் போட்டவனையும் பார்த்தனாங்கள்தானே."

எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. எவ்வளவு நேரத்துக்கு? கதிரையில் உட்கார்ந்ததும் கணக்கு ஓடத் தொடங்கியது. ஓலை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். கிறிஸ்மசுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கினால் கல்யாணம் வைக்க முடியாது. அதற்குள் இருக்கிற சனிக்கிழமைகளை விரலில் எண்ணினேன். அவற்றில் அவளுடைய இரவு டியூட்டி எத்தனை, அவனுடைய பொறுப்புக் கிழமை எத்தனை? இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது ஒன்றோ, ஒன்றுமே இல்லையோ? பங்குச் சுவாமியாரை எப்போது பிடிப்பது? மண்டபம்?

"பிள்ளை," என்று அறைக் கதவில் தட்டினேன். "உன்ர அடுத்த மாத டியூட்டி நாள் என்னென்ன எண்டு ஒருக்காச் சொல்லு. கொஞ்சம் அவசரம்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "பெரியப்பா, நான் இப்ப நித்திரை. நீங்கள் அவருக்கு எடுத்துக் கேளுங்கோ. அவருக்கும் எண்ணத் தெரியும்."

எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். பின்னால் கடல் சத்தமும், ஆட்கள் ஏலேலம் போடும் சத்தமும். மகளுக்குச் சம்மதம், கல்யாணத்துக்கு நாள் பார்க்கவேண்டும் என்று நாலு வார்த்தையில் சொன்னேன். பிறகு யாரோ, "டேய் தம்பி, கயித்தை விட்டிட்டு எங்கையடா ஓடுறாய்!" என்று கத்துவது கேட்டது.